ராபின்களுக்கு நான் எழுதிய எடை

தீவின் பேரை எழுதப்போவதில்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே, கடல் நடுவில் இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்கள் எல்லோரையும் கூட்டினாலும் ஊரில் எங்கள் ஸ்ரீவராகம் பேட்டையில் ஒரு தெருவை நிரப்பக் காணாது. தீவின் பேரைச் சொன்னால் ஆட்களை யாரும் கண்டுபிடித்துவிடலாம். வெட்கப்பட வேண்டியவன் நான் ஒருத்தன்தான், அவர்கள் இல்லை.

திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்றதும் ஒரு பைனாக்குலர் வாங்கினேன். ஞாயிறு தவறாமல் புஞ்சக்கரி வயலிலும் வெள்ளாயணிக் காயல் கரையிலும் கொக்கு, உள்ளான் என்று பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தேன். எடின்பரோவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போன இடத்தில் அவள்தான் கேட்டாள். அந்தத் தீவில் பறவைகளைப் பிடித்து, எங்கிருந்து எங்கே போகின்றன என்று அறியக் காலில் எண் போட்ட வளையம் மாட்டி விடுகிறார்களாம். வசந்தத்தின் தொடக்கத்தில் உதவிக்கு ஆள் வேண்டுமாம். இரண்டு வாரம் போகிறீர்களா அப்பா என்றாள். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று விண்ணப்பத்தில் அவளே எழுதியும் விட்டாள்.

ஊரில் இருந்த என் மனைவி லலிதாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. "கிளியப் பிடிச்சுக் கால்ல வளை மாட்டறதுக்கு அத்தன தூரம் போணுமாக்கும்? இங்க என் கொலுசு அறுந்து ஆறு மாசமாச்சு. அத ஒண்ணு சரியாக்கித் தர ஆளில்லே," என்றாள் போனில்.

படகில் ஏறினதும் படகுக்காரர் முதலில் ஒரு வாளியைக் கையில் கொடுத்தார். பேரை அப்புறம்தான் கேட்டார். விழிஞ்ஞத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், அவ்வளவு சின்னப் படகு. இரண்டரை மணி நேரம். வாளி வீணாகவில்லை. கரையில் இறங்கியபோது கால் நிற்கவில்லை. டிராக்டருக்குப் பின்னால் பூட்டிய வண்டியில் வைக்கோலுக்கும் காஸ் சிலிண்டருக்கும் நடுவே என்னை உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள்.

பறவை நிலையம் என்பது ஒரு கல் வீடு, அதன் பின்னால் ஒரு மரக் குடிசை, அதைச் சுற்றிக் கல் சுவர்கள். தீவில் மரமே கிடையாது. பொறுப்பில் இருந்தவர் மார்கரெட். எழுபதை நெருங்குகிறவர். நாற்பது வருஷமாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டுகிறார். பேச்சு ரொம்பக் குறைவு. நான் சைவம் என்று தெரிந்ததும், "உருளைக்கிழங்கு உண்டு," என்றார். அன்று ராத்திரி உருளைக்கிழங்கு, மறுநாள் உருளைக்கிழங்கு, அதற்கு மறுநாள் முட்டைக்கோசுடன் உருளைக்கிழங்கு. லலிதா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் இல்லாவிட்டால் நான் நீந்தியாவது திரும்பியிருப்பேன்.

அந்த நார்த்தங்காய்தான் ஷீனாவை என்னிடம் பேச வைத்தது. ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன்மேல் ஒரு துண்டை வைத்துக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "இது என்ன பழம்? எனக்குக் கோபம் வருகிறது, ஆனால் இன்னொன்று வேண்டும்," என்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஸ்காட்லாந்துப் பெருநிலத்தில் ஒரு சின்ன ஊரில் தபால்காரி. வருஷ லீவை மொத்தமாக எடுத்துக்கொண்டு இந்தத் தீவுக்கு வருகிறாள், இது மூன்றாவது வசந்தம்.

எதற்கென்றால், தனியாக வளையம் மாட்ட அனுமதி வேண்டும். அதற்கு மார்கரெட் மாதிரி ஒருவர் கூடவே இருந்து பார்த்து, இவள் கை சரி, கண் சரி என்று படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டும். "எங்கள் ஊருக்குப் பின்னால் ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே என்ன வருகிறது, என்ன போகிறது என்று யாருக்கும் தெரியாது. நான் தபால் கொடுக்கப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போகிறேன்," என்றாள் உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டே. இந்தத் தடவை மார்கரெட் போட்டுவிடுவார் என்று நம்பினாள். ஒரு கையெழுத்துக்காக மூன்று வருஷம் காத்திருப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? நான் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ பேரைக் காக்க வைத்தவன்.

இரண்டாம் நாள் வேலை கற்றுக்கொடுத்தார்கள். சுவரோரம் மெல்லிய வலைகளைக் கட்டுகிறார்கள், நமக்கே கண்ணுக்குத் தெரியாது. சிக்கும் பறவையை மார்கரெட் எடுத்து ஒரு துணிப்பைக்குள் விட்டு, குடிசையில் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். ஷீனா ஒவ்வொன்றாக எடுத்து வளையம் மாட்டுவாள். இறக்கையை அளப்பாள். பிறகு மார்பு இறகை வாயால் ஊதி விலக்கி, தோலுக்கடியில் கொழுப்பு இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் சொல்வாள். கொழுப்புத்தான் பறவையின் கட்டுச்சோறு. பூஜ்யம் என்றால் வழியில் எல்லாம் தீர்ந்துபோய் வந்திருக்கிறது என்று அர்த்தம். கடைசியில் பறவை என்னிடம் வரும். சின்னப் பிளாஸ்டிக் குப்பிக்குள் தலைகீழாகச் சொருகி, மின்தராசில் வைத்து, எடையைப் பார்த்து எழுதி, ஜன்னல் வழியே விட்டுவிடவேண்டும். எங்கள் ஊர் சாலைக் கடைத்தெருவில் தங்கம் நிறுப்பார்களே, அந்த ஜாதித் தராசுதான்.

முதல் ராபினைக் கையில் வாங்கினேன். நம்மூர் ராபின் கருப்பு. இது மார்பில் செம்மஞ்சள் பூசியது. பிரான்ஸ் பக்கம் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு நார்வேக்குத் திரும்புகிற கூட்டம், காற்று தள்ளிவிட்டால் இந்தத் தீவில் வந்து இறங்குமாம். விரல்களுக்கிடையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது. பதினேழு புள்ளி ஆறு கிராம் என்று எழுதினேன். அது நிஜமான எடை.

"ஒன்று மட்டும்," என்றார் மார்கரெட். "தராசு நிற்காவிட்டால் எழுதவேண்டாம். கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பறவையை அனுப்பிவிடுங்கள்."

தலையை ஆட்டினேன். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் வேறு மாதிரி பழகிய கை இது. எங்கள் செக்‌ஷனில் காலிக் கட்டத்தோடு ஒரு தாள் மேலே போனால் அது கேள்வியோடு திரும்பி வரும். அதனால் யாரும் காலி விடமாட்டோம். தெரியாத கட்டத்தில் பொருத்தமாக ஒன்றைப் போடுவோம். பொய் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. ஃபைல் நகரவேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பறவை குறைவு. தீவுக்கு வரவேண்டிய, எட்டுப் பேர் உட்காரும் சின்ன விமானம் இறங்காமலே திரும்பிப் போனது, ஓடுதளத்தில் ஆடுகள் நின்றன. லலிதா அன்றைக்குப் போன் பண்ணி, "இன்னிக்குப் பைங்குனி ஆறாட்டு, கேட்டேளா? பத்மநாப ஸ்வாமி ஊர்வலமா ஓடுதளம் வழியா சங்குமுகம் கடலுக்குப் போறதுக்கு ஏர்ப்போர்ட்ட அடைச்சிருக்கா," என்றாள். இங்கே ஆட்டுக்காக அடைத்திருக்கிறார்கள் என்றேன். எங்கள் பறவைக் குழுவில் பாலராமபுரத்து முருகேசன், "சாரே, பறவையக் கையில வச்ச போட்டோ ஒண்ணு அயச்சு தாங்க, கேட்டோ," என்று செய்தி போட்டிருந்தான். அனுப்பினேன். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை சரியாக ஒரு நாள் நின்றது.

நான்காம் நாள் விடியும்போதே கிழக்குக் காற்று, கூடவே மழை. மார்கரெட் ஜன்னலைப் பார்த்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார். "வந்துவிட்டார்கள்," என்றார். சுவரோரம் எங்கே பார்த்தாலும் ராபின். புல்லில், வேலியில், டிராக்டர் சக்கரத்துக்கடியில். கடலைத் தாண்டமுடியாமல் விழுந்தவை. பத்து நிமிஷத்துக்குள் ஆணிகளில் இருபது பைகள் தொங்கின. ஒவ்வொன்றும் உள்ளே துடித்தது.

குடிசை காற்றில் ஆடியது. தராசு எண் நிற்கவில்லை. பதினான்கு என்னும், பத்தொன்பது என்னும், மறுபடி பதினான்கு. மூக்குக்கண்ணாடியில் ஆவி. விரல் மரத்துப்போய்ப் பேனா பிடிக்கவில்லை. ஷீனாவின் கை இயந்திரம் மாதிரி ஓடியது. எனக்கு முதுகைக் காட்டி ஜன்னல் வெளிச்சத்தில் ஊதி ஊதிப் பார்த்து, "கொழுப்பு பூஜ்யம்... பூஜ்யம்... ஒன்று... பூஜ்யம்," என்று சொல்லிக்கொண்டே பறவையைப் பின்னால் நீட்டினாள். நான் பின்தங்கினேன். அறுபது வயதுக்காரன், ஒரு தராசைக்கூடப் பார்க்கத் தெரியாதவன் என்று அவள் நினைத்துவிடுவாளோ என்று வெட்கம்.

முதலில் ஒரு கட்டம் காலியாக விட்டேன். அடுத்தது காலி. மூன்றாவது காலி. பக்கம் அசிங்கமாகத் தெரிந்தது. நான்காவதில் பதினேழு புள்ளி நாலு என்று போட்டேன். முந்தின நாட்களில் ராபின் எல்லாம் பதினேழு, பதினெட்டுதானே இருந்தது. பிறகு மேலே போய் அந்த மூன்று கட்டங்களையும் நிரப்பினேன். அதற்கப்புறம் தராசைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பதினேழு என்று முழுசாகப் போட்டால் சந்தேகம் வரும் என்று பதினேழு புள்ளி இரண்டு, பதினாறு புள்ளி ஒன்பது என்று மாற்றி மாற்றிப் போட்டேன். இதைச் சொல்லக் கூசுகிறது. நடுவில் ஒருமுறை காற்று ஓய்ந்து தராசு நின்றது. பதின்மூன்று புள்ளி எட்டு என்று காட்டியது. தராசுக்குக் கிறுக்கு என்று நினைத்து, பதினேழு புள்ளி எட்டு என்று எழுதினேன். கண்ணால் கண்ட உண்மையையே திருத்தினேன்.

பதினொரு மணிக்கு மார்கரெட் உள்ளே வந்தபோது ஷீனா சொன்னாள். "வலையை மூடிவிடலாம். இவற்றிடம் ஒன்றுமே இல்லை. எல்லாம் பூஜ்யம். பையில் தொங்குகிற நேரத்தில் போய் இரை தேடட்டும்."

மார்கரெட் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். என் அழகான கையெழுத்தில் பதினேழும் பதினெட்டும் வரிசையாக நின்றன. "எடை நன்றாக இருக்கிறதே," என்றார். "பூஜ்யக் கொழுப்போடு இந்த எடை வராது. நீ கொழுப்பைச் சரியாகப் பார்க்கவில்லை."

"பார்த்தேன்," என்றாள் ஷீனா.

மார்கரெட் என் பக்கம் திரும்பினார். "தராசு சரியாகத்தானே இருந்தது?"

"சரியாக இருந்தது," என்றேன்.

இரண்டே வார்த்தை. யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. ஷீனா என்னைப் பார்க்கக்கூட இல்லை. அவள் தன் கையில் இருந்த ராபினைத்தான் பார்த்தாள், மறுபடி ஊதினாள். வலை பகல் ஒருமணி வரை திறந்திருந்தது.

அன்று சாப்பாட்டு மேஜையில் மார்கரெட் அவளிடம் மெதுவாகத்தான் பேசினார். கை நல்ல கை, வளையம் மாட்டுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இத்தனை பறவையில் கொழுப்பைத் தப்பாகப் பார்த்தால் கையெழுத்துப் போடமுடியாது. இன்னொரு வசந்தம் வரட்டும். ஷீனா சரி என்றாள். தட்டைக் கழுவி வைத்தாள். நார்த்தங்காய் வேண்டுமா என்று நான் கேட்டேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது, அந்த நேரத்தில் நான் அவளுக்குக் கொடுத்தது ஊறுகாய்.

ஐந்தாம் நாள் புயல். வலை விரிக்கவில்லை. நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவேளை அந்தப் பறவைகள் நிஜமாகவே பதினேழு கிராம்தான் இருந்திருக்கும், ஒருவேளை அவள் நிஜமாகவே தப்பாகப் பார்த்திருப்பாள் என்று. மழையும் காற்றும் கொஞ்சம் ஓய்ந்தபோது கணப்புக்கு நிலக்கரி எடுக்கப் போனேன். சுவரடியில் ஒரு ராபின் செத்துக் கிடந்தது, காலில் எங்கள் வளையம். கையில் எடுத்தபோது மார்பெலும்பு குத்தியது. யாருமில்லாத குடிசைக்குள் போய்த் தராசில் வைத்தேன். பன்னிரண்டு புள்ளி ஏழு. வளைய எண்ணைப் புத்தகத்தில் தேடினேன். முந்தின நாள் தேதியில் பதினேழு புள்ளி ஆறு என்று என் கையெழுத்தில் இருந்தது. ஒரே ராத்திரியில் ஐந்து கிராம் போகாது. இவ்வளவு சின்னப் பறவைக்கு அது உடம்பில் கால்வாசிக்கு மேல்.

அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லலிதாவுக்குப் போன் பண்ணினேன். அங்கே சாயங்காலக் காப்பி நேரம். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நிறுக்காமலே எழுதினேளா?" என்றாள். "அந்தப் பொண்ணோட காரியம் மொடங்கிப் போச்சே. பாவம் அவ. என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போறது? அங்க போய்ச் சொல்லுங்கோ."

"எப்படிச் சொல்றது?"

"எழுதறச்சே எங்கிட்டக் கேட்டா எழுதினேள்?" என்று போனை வைத்துவிட்டாள்.

போய்ச் சொல்லியிருக்கவேண்டும். ஷீனா அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள், மார்கரெட் சமையலறையில் வலை தைத்துக்கொண்டிருந்தார். மூன்று முறை எழுந்தேன், மூன்று முறை தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மறுநாளும் அப்படியே போனது. அன்றைக்குத்தான் மார்கரெட் படிவத்தை நிரப்பி ஷீனாவிடம் கொடுத்தார். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில், கொழுப்பு மதிப்பீட்டில் இன்னும் பயிற்சி தேவை என்று எழுதியிருந்தார்.

ஏழாம் நாள் காலை கடல் அடங்கியது. படகு வந்தது. ஷீனாவை வழியனுப்பத் துறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். அவள் மூட்டையைப் படகில் எறிந்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"உங்கள் அளவுக்குச் சுத்தமாக அந்தப் புத்தகத்தை யாரும் எழுதியதில்லை," என்றாள். "அதைப் பார்த்ததனால்தான் என் கண்மீதே எனக்குச் சந்தேகம் வந்தது. வந்தது நல்லதுதான். நான் இன்னும் கற்றுக்கொள்ளவேண்டும்."

நன்றி என்றேன். வாயில் வந்தது அதுதான். படகு துறையை விட்டு நகர்ந்தது, முனையைத் திரும்பியது, மறைந்தது. அப்புறம்தான் எனக்குத் தைரியம் வந்தது. அவள் முகத்துக்கு நேரே சொல்லவேண்டியதில்லை என்று ஆனபிறகு வந்த தைரியம். அதற்கு வேறு பேர் இருக்கிறது.

மார்கரெட் அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் கைக்குட்டையைப் பிரித்து வைத்தேன். சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். செத்த ராபினின் மார்பை விரலால் தடவிப் பார்த்தார். புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, பேனாவைத் திறந்தார்.

"எத்தனை எடை நீங்களாகப் போட்டது?"

"இருபத்து மூன்று," என்றேன்.

எழுத ஆரம்பித்தார். இருபத்து மூன்று என்று நான் எப்போது எண்ணினேன்? கேட்டார், ஒரு கட்டம் காலியாக இருந்தது, பொருத்தமாக ஒன்றைப் போட்டுவிட்டேன். செத்த பறவையை முன்னால் வைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில்.

"நிறுத்துங்கள்," என்றேன். "அந்த எண்ணும் இப்போதுதான் போட்டேன். எத்தனை என்று எனக்குத் தெரியாது. எது நிஜம், எது நான் போட்டது என்று பிரிக்கவும் தெரியாது."

மார்கரெட் எழுதியதை அடித்தார். பிறகு அந்த நாளின் இரண்டு பக்கத்துக்கும் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். "அவள் பார்த்த கொழுப்பெல்லாம் சரி என்று எனக்கு இப்போது தெரிகிறது," என்றார். "ஆனால் அதைக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தப் பறவைகளை இனி யாரும் நிறுக்கமுடியாது. அவளுடைய லீவும் முடிந்துவிட்டது. அவள் அடுத்த வருஷம்தான் வரவேண்டும்."

எழுந்து போய்ச் சுவரில் இருந்த போனில் எண்ணை அழுத்தினார். நடுக்கடலில் ஷீனாவுக்குச் சிக்னல் இருக்காது, செய்தியாகத்தான் பதிவாகும். "ஷீனா, நீ பார்த்தது சரி. வலையை மூடச் சொன்னதும் சரி. நான் உன்னை நம்பாமல் புத்தகத்தை நம்பினேன்," என்றார். அப்புறம் போனை என்னிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். காற்று, குளிர், தராசு, வயசு என்று வாயில் வரிசையாக வந்தது. விளக்கம் கேட்டு நான் அனுப்பிய குறிப்பாணைகளுக்கு எத்தனையோ குமாஸ்தாக்கள் எழுதிய பதில் எல்லாம் இப்படித்தான் தொடங்கும், படித்துச் சிரித்திருக்கிறேன். எல்லாவற்றையும் விழுங்கினேன். "ஷீனா, நான் தராசைப் பார்க்காமல் எழுதினேன். மார்கரெட் கேட்டபோது பொய் சொன்னேன். நீ படகில் ஏறிப் போகும்வரை வாயைத் திறக்கவில்லை," என்றேன். என்னை மன்னித்துவிடு என்று ஆரம்பித்தபோது மார்கரெட் கையை நீட்டி இணைப்பைத் துண்டித்தார்.

"அது வேண்டாம்," என்றார். "மன்னிப்புக் கேட்டால் அவள் பரவாயில்லை என்று சொல்லவேண்டியிருக்கும். அவள் நல்லவள், சொல்லிவிடுவாள். அந்த வேலையையும் அவளுக்குக் கொடுக்காதீர்கள்."

எனக்கு அங்கே இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதற்கப்புறம் புத்தகத்தை என்னிடம் தரவில்லை. பறவைப் பைகளைத் துவைத்துக் காயப்போடும் வேலையைக் கொடுத்தார்கள். துவைத்தேன்.